தொடக்கப் பள்ளி: பெயர்பெற்ற பெரிய பள்ளியா, பக்கத்துச் சிறிய பள்ளியா, செயல்வழிப் பள்ளியா?

குழந்தைக்கு ஐந்து வயது நெருங்கும்போது பல வீடுகளில் ஒரே பேச்சுதான் ஓடுகிறது. "நன்றாகப் படிக்கவைக்கும் பள்ளியில் போட்டால் பிள்ளை பயந்து சுருங்கிவிடும். அன்பாகப் பார்த்துக்கொள்ளும் பள்ளியில் போட்டால் படிப்பு வராது." அப்பா ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம் என்று நின்று, சேர்க்கைக்கான கடைசி நாள்வரை முடிவு வராமல் இழுக்கும்.

இந்தக் கவலை புறப்படும் இடமே தவறு. தொடக்கப் பள்ளியில் படிப்பும் பரிவும் ஒரே ஊற்றிலிருந்துதான் வருகின்றன: பதில் தெரியாத குழந்தைக்கு அந்த வகுப்பில் என்ன நடக்கிறது என்பதுதான் அந்த ஊற்று. தெரியாது என்று சொல்லப் பயப்படும் குழந்தை, தெரிந்ததுபோல் காட்டிக்கொள்ளப் பழகிவிடும். அப்புறம் அதற்கு எங்கே இடிக்கிறது என்று ஆசிரியருக்கும் தெரியாது, சரிசெய்யவும் முடியாது. மறுபுறம், எதையும் திருத்தாமல் தட்டிக்கொடுத்து மேல்வகுப்புக்கு அனுப்பும் பள்ளியையும் அன்பான பள்ளி என்று சொல்ல முடியாது. மூன்றாம் வகுப்பில் ஒரு பத்தியை வாசிக்கத் திணறும் குழந்தைக்கு ஒவ்வொரு பாடவேளையும் அவமானமாகத்தான் கழியும்.

அதனால் பெயர்பெற்ற பெரிய பள்ளி, பக்கத்துச் சிறிய பள்ளி, செயல்வழிப் பள்ளி (பொருள்களைக் கையாண்டு, செய்துபார்த்துக் கற்கும் பள்ளி) ஆகிய மூன்றையும் பற்றிக் கீழே வரும் ஒப்பீடு முழுவதும் அந்த ஒரு கேள்வியைச் சுற்றியே போகிறது. கட்டடம், சீருடை, ஆண்டு விழா, சுவரில் மாட்டிய தொடுதிரை எதையும் கணக்கில் எடுக்கவில்லை.

## முதலில் அளவுகோல்கள்

ஆறு அளவுகோல்கள். எல்லாவற்றுக்கும் ஒரே எடை கிடையாது. முதல் இரண்டில் ஒரு பள்ளி தோற்றால் மற்ற நான்கும் அதைத் தூக்கி நிறுத்தாது.

1. வாசிக்கக் கற்றுக்கொடுக்கும் முறை

1986-இல் காஃப், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் வாசிப்பைப் பற்றி எளிய சூத்திரம் ஒன்றைச் சொன்னார்கள். எழுத்தைக் கூட்டி வாசிக்கும் திறனையும், மொழியைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் கிடைப்பதுதான் வாசித்துப் புரிந்துகொள்ளும் திறன். இங்கே பெருக்கல் என்பதுதான் முக்கியம். இரண்டில் ஒன்று சுழியம் என்றால் விடையும் சுழியம்.

ஆகவே ஒரு நல்ல ஒன்றாம் வகுப்பில் தினமும் இரண்டு வேலைகள் நடக்க வேண்டும். ஒன்று, எழுத்தையும் ஒலியையும் முன்பே தீர்மானித்த வரிசையில் கற்றுத்தருவது. மற்றொன்று, குழந்தைகள் தாமாக வாசிக்கும் அளவைவிடக் கொஞ்சம் கடினமான கதையை ஆசிரியரே வாய்விட்டு வாசித்து, அதைப் பற்றிப் பேசவைப்பது. "எழுத்துகளை எந்த வரிசையில் சொல்லித் தருகிறீர்கள்? எந்தக் குழந்தைக்கு எதுவரை வந்திருக்கிறது என்பதை எங்கே குறித்துவைக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். குறிப்பேடு ஒன்றை எடுத்துக் காட்டினால் நம்பலாம். "எல்லாருக்கும் வந்துவிடும், கவலைப்படாதீர்கள்" என்றால் அங்கே யாரும் குறித்துவைக்கவில்லை என்று பொருள்.

இங்கே பெரும்பாலும் தவறிப்போவது, மனப்பாடத்தை வாசிப்பு என்று நம்புவது. படத்தைப் பார்த்துக்கொண்டே பக்கம் பக்கமாக ஒப்பிக்கும் குழந்தை, படத்தை மறைத்துவிட்டு வரியின் நடுவில் ஒரு சொல்லைத் தொட்டுக் காட்டினால் நின்றுவிடும். அதற்குத் தெரிந்த எழுத்துகளாலேயே பொருளில்லாத ஒரு சொல்லை எழுதிக் கொடுத்தும் பார்க்கலாம். "தோமசி", "பணிலு" என்பதை அப்படியே வாசித்தால் எழுத்தைப் பார்த்து வாசிக்கிறது. "தோமசி"யைப் பார்த்துத் "தோழி" என்றால் முதல் எழுத்தை வைத்து ஊகிக்கிறது. ஏற்கெனவே ஒரு பள்ளியில் படிக்கும் குழந்தையிடம் இரண்டே நிமிடத்தில் இதைச் செய்துபார்க்கலாம்.

2. தவறை என்ன செய்கிறார்கள்

இதற்கு நோட்டுகளைப் பார்த்தால் போதும். இரண்டாம் வகுப்புக் கணக்கு நோட்டில் இப்படி ஒரு விடை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: 52 − 27 = 35.

இதைக் கவனக்குறைவு என்று ஒதுக்கிவிட முடியாது. ஒன்றுகள் இடத்தில் 2-இலிருந்து 7 போகவில்லை. அதனால் குழந்தை பெரியதிலிருந்து சிறியதைக் கழித்துவிட்டது: 7 − 2 = 5. பத்துகள் இடத்தில் 5 − 2 = 3. உலகம் முழுக்கக் குழந்தைகள் செய்யும் தவறு இது. அதற்குள் ஒரு தர்க்கமும் இருக்கிறது. "சின்ன எண்ணிலிருந்து பெரிய எண்ணைக் கழிக்க முடியாது" என்று நாமே சொல்லிக்கொடுத்ததன் விளைவு.

இதே தவறு மூன்று பள்ளிகளின் நோட்டுகளில் மூன்று விதமாக முடியும். முதல் நோட்டில் சிவப்புப் பெருக்கல் குறி, பக்கத்தில் 25, கீழே குழந்தையின் கையெழுத்தில் அதே 25 மூன்று முறை. அடுத்த பக்கத்தில் 63 − 28 = 45 என்று அதே தவறு மறுபடியும் இருக்கும். இரண்டாவது நோட்டில் ஒரு நட்சத்திர ஒட்டியும் "நன்று" என்ற சொல்லும் இருக்கும். யாரும் பார்க்கவே இல்லை. மூன்றாவது நோட்டில் ஒன்றுகள் இடத்தைச் சுற்றி ஒரு வட்டம். கீழே ஐந்து குச்சிக் கட்டுகளும் இரண்டு தனிக் குச்சிகளும் வரைந்து, ஒரு கட்டைப் பிரித்து 12 தனிக் குச்சிகளாக்கிய படம். அதிலிருந்து 25. இரண்டு நாள் கழித்து அதே வகையில் ஒரு கணக்கு, 41 − 18. இப்போது 4-ஐ அடித்து 3 ஆக்கி, 23 என்று குழந்தையே எழுதியிருக்கிறது.

மூன்றாவது நோட்டு எந்தப் பள்ளியில் கிடைக்கிறதோ, அந்தப் பள்ளியில் தேர்ச்சியும் இருக்கும், வரவேற்பும் இருக்கும். அந்த வட்டம் போட்டவர் குழந்தையின் நினைப்புக்குள் போய்ப் பார்த்திருக்கிறார்.

மதிப்பெண்ணைப் பற்றியும் ஒன்று. ரூத் பட்லர் 1988-இல் வெளியிட்ட ஆய்வில், விடைத்தாளில் கருத்து மட்டும் எழுதிக் கொடுத்தபோது மாணவர்கள் அடுத்த முறை மேம்பட்டார்கள். மதிப்பெண் மட்டும் பெற்றவர்கள் மேம்படவில்லை. மதிப்பெண்ணையும் கருத்தையும் சேர்த்துக் கொடுத்தபோதும் கருத்தின் பலன் போய்விட்டது. எண்ணைக் கண்டதும் கண் அங்கேயே நின்றுவிடுகிறது.

3. பின்தங்குவதை எவ்வளவு சீக்கிரம் பிடிக்கிறார்கள்

தலைமை ஆசிரியரிடம் இப்படிக் கேளுங்கள்: "பெயர் வேண்டாம். போன மாதம் ஒன்றாம் வகுப்பில் பின்தங்கிய ஒரு குழந்தைக்கு என்ன செய்தீர்கள்?" நல்ல பதிலில் எண்கள் இருக்கும். நான்கு பேர் கொண்ட குழு, 20 நிமிடம், வாரத்தில் நான்கு நாள், யார் எடுக்கிறார், எதைப் பார்த்து நிறுத்துவார்கள் என்று சொல்வார்கள். "பெற்றோரைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுவோம்" என்பது மோசமான பதில். பள்ளியின் வேலை வீட்டுக்குத் தள்ளப்படுகிறது என்றுதான் அதற்கு அர்த்தம். விளையாட்டு வேளையைப் பறித்துக்கொண்டு கூடுதல் பாடம் நடத்துகிறார்களா என்றும் கேளுங்கள். கஷ்டப்படும் குழந்தைக்குப் பள்ளியில் இனிக்கும் ஒரே வேளை பல நேரம் அதுதான்.

4. வந்து சேரும் குழந்தையை வரவேற்பது

இடைவேளையில் தெரிந்துவிடும். பெரியவர் யாராவது மைதானத்தில் நடந்துகொண்டே பார்க்கிறாரா, மூலையில் கூடி நின்று பேசுகிறார்களா? கழிப்பறைக் கதவில் குழந்தையின் கைக்கு எட்டும் தாழ்ப்பாள் இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா? கழிப்பறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் நாளைக் கடத்தும் குழந்தைகள் உண்டு; மதியத்துக்கு மேல் அவர்களுக்குப் பாடம் ஏறாது. ஆண்டின் நடுவில் சேரும் குழந்தைக்கு முதல் இரண்டு வாரம் துணையாக ஒரு மாணவரை அமர்த்துகிறார்களா?

5. ஆசிரியர்கள் தங்குகிறார்களா

"1 முதல் 3 வரை வகுப்பு எடுப்பவர்களில் எத்தனை பேர் இரண்டு ஆண்டுக்கு முன்பும் இங்கே இருந்தார்கள்?" இந்தக் கேள்விக்கு மழுப்பலான பதில் வந்தால் அதுவே பதில்.

6. பயணமும் வீட்டுச் சுமையும்

ஒரு வழிக்கு 45 நிமிடம் என்றால் நாளுக்கு ஒன்றரை மணி நேரம். 200 பள்ளி நாளுக்கு 300 மணி நேரம். 6 முதல் 12 வயது வரையுள்ள குழந்தைக்கு நாளுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது மருத்துவர்களின் பரிந்துரை. பயணம் முதலில் தின்பது விளையாட்டை, அடுத்துத் தூக்கத்தை.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | பெயர்பெற்ற பெரிய பள்ளி | பக்கத்துச் சிறிய பள்ளி | செயல்வழிப் பள்ளி |
|---|---|---|---|
| வாசிப்பு | பாடத்திட்டம் ஒழுங்காக ஓடும்; ஓட்டத்தில் சிலர் விடுபடுவார்கள் | ஆசிரியர் ஒருவரின் திறமையைப் பொறுத்தது | பொருள்கள் நன்றாக இருக்கும்; குறிப்பேடு இல்லையென்றால் ஓட்டை விழும் |
| தவறு | மதிப்பெண்ணாக மாறிவிடும் அபாயம் | உடனே கண்ணில் படும் | குழந்தையே கண்டுபிடிக்க வழி உண்டு |
| பின்தங்கியவர் | ஆள் உண்டு. கண்டுபிடிக்கத் தாமதம் | உடனே தெரியும். உதவ ஆள் குறைவு | தள்ளிப்போட இடமுண்டு |
| வரவேற்பு | முறைப்படி நடக்கும் | இயல்பாக நடக்கும் | பெரும்பாலும் நன்று |
| ஆசிரியர் மாற்றம் | ஒருவர் போனால் வகுப்பு தாங்கும் | ஒருவர் போனால் பள்ளியே ஆடும் | பயிற்சி பெற்றவர் போனால் மாற்று கிடைப்பது கடினம் |
| பயணம் | பெரும்பாலும் நீளம் | நடைதூரம் | பெரும்பாலும் நீளம் |
| மறைமுகச் செலவு | டியூஷன், வீட்டுப்பாடம் | நூலகம், விளையாட்டு, பிற கலைகள் வெளியில் | பின்னர் வேறு பள்ளிக்கு மாறும் ஆண்டு |

## பெயர்பெற்ற பெரிய பள்ளி

இங்கே ஓர் ஒழுங்கு இருக்கும். எந்த வாரம் எந்தப் பாடம் என்று திட்டம் இருக்கும், ஆசிரியர் விடுப்பில் போனால் பாடத்தை எடுத்துச் செல்ல வேறொருவர் வருவார், வாசிப்பில் சிரமப்படும் குழந்தைக்கென்று பயிற்சி பெற்ற ஒருவரை வைத்திருக்கவும் வசதி இருக்கும். ஒரே வகுப்புக்குப் பல பிரிவுகள் இருப்பதால், ஒரு குழந்தைக்கும் இன்னொன்றுக்கும் ஒத்துவராமல் போனால் பிரித்து உட்காரவைக்கலாம். சிறிய பள்ளியில் அதற்கு வழியே இல்லை.

ஆனால் அந்தப் பெயர் எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும். சேர்க்கையிலேயே ஐந்து வயதுக் குழந்தைக்குத் தேர்வோ நேர்காணலோ வைத்துப் பொறுக்கி எடுத்திருந்தால், கடைசியில் வரும் தேர்ச்சி பள்ளியின் சாதனையா, பொறுக்கியதன் பலனா என்று பிரித்துச் சொல்ல முடியாது. கேட்க வேண்டிய கணக்கு வேறு: ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் ஐந்தாம் வகுப்பை இதே பள்ளியில் முடித்தார்கள்? நடுவில் நிறையப் பேர் போயிருந்தால், யார் போனார்கள் என்பதை யோசியுங்கள்.

மதிப்பெண்படி 'அ', 'ஆ' என்று பிரிவு பிரிக்கும் வழக்கம் இருந்தால் மிகவும் யோசிக்க வேண்டும். ஒரே வகுப்பில் மூத்த குழந்தைக்கும் இளைய குழந்தைக்கும் ஏறத்தாழ ஓராண்டு வித்தியாசம் இருக்கலாம். ஆறு வயதில் ஓராண்டு என்பது வாழ்ந்த காலத்தில் ஆறில் ஒரு பங்கு. அந்த வயதில் திறமையைப் பிரிக்கிறோம் என்று நினைத்துப் பல நேரம் பிறந்த மாதத்தைத்தான் பிரிக்கிறார்கள். பிறகு கீழ்ப்பிரிவுக்குக் குறைந்த பாடம், குறைந்த எதிர்பார்ப்பு, அனுபவம் குறைந்த ஆசிரியர் என்று அமைந்துவிட்டால், வித்தியாசம் உண்மையாகவே வளர்ந்துவிடும். உங்கள் பிள்ளை அந்த ஆண்டின் இளைய குழந்தைகளில் ஒன்று என்றால் இந்த ஒரு காரணத்துக்காகவே வேறு பள்ளியைப் பார்ப்பேன்.

அடிக்கடி வைக்கும் சிறு தேர்வுகளை எதிர்க்க வேண்டியதில்லை. படித்ததை நினைவிலிருந்து எடுத்து எழுதிப் பார்ப்பது கற்றதை உறுதியாக்கும். கெடுதல் வருவது ரேங்க் பட்டியலைச் சுவரில் ஒட்டும்போதுதான். தேர்வு முடிந்த மறுநாள் பாடம் மாறுகிறதா என்று கேளுங்கள். பாதி வகுப்பு தவறவிட்ட கேள்வியை மறுபடி நடத்தாமல் அடுத்த பாடத்துக்குப் போகிறார்கள் என்றால், அந்தத் தேர்வு யாருக்கும் பயன்படவில்லை.

மறைமுகச் செலவு வீட்டில் விழும். அங்கே பிள்ளைகளைப் படிக்கவைக்கும் பத்துப் பெற்றோரிடம் டியூஷன் போகிறார்களா என்று கேளுங்கள். ஆறேழு பேர் ஆம் என்றால், அந்தப் பள்ளியின் தேர்ச்சியில் ஒரு பங்கு டியூஷன் நடத்துபவருக்குச் சேர வேண்டியது. வீட்டுப்பாடம் பற்றி ஹாரிஸ் கூப்பரும் உடன் ஆய்வாளர்களும் 2006-இல் தொகுத்த ஆய்வில், மேல்வகுப்புகளில் வீட்டுப்பாடத்துக்கும் தேர்ச்சிக்கும் தெளிவான தொடர்பு தெரிந்தது. தொடக்க வகுப்புகளில் அது மிகவும் பலவீனமாக இருந்தது. வகுப்புக்குப் பத்து நிமிடம், அதாவது இரண்டாம் வகுப்புக்கு 20 நிமிடம் என்பது பலரும் சொல்லும் அளவு. அதற்கு மேல் போய், தினமும் அழுகையில் முடிந்தால் படிப்பின்மேல் வெறுப்புதான் மிஞ்சும்.

எப்போது இதுவே நல்ல தேர்வு? பள்ளி மொழி வீட்டில் பேசாத மொழியாக இருந்து, அதைப் படிப்படியாகக் கற்றுத்தரும் திட்டமும் ஆளும் அங்கே இருந்தால். ஒழுங்கான நாள்முறை இருந்தால்தான் அமைதியாக இருக்கும் குழந்தையாக இருந்தால். வாசிப்புக்கோ பேச்சுக்கோ தனி உதவி தேவைப்பட்டு, அதற்கான ஆள் அந்தப் பள்ளியில் மட்டுமே இருந்தால். பயணம் ஒரு வழிக்கு அரை மணிக்குள் இருந்தால்.

## பக்கத்துச் சிறிய பள்ளி

பெரிய பலகையும் விளம்பரமும் இல்லாததால் பலர் உள்ளே போய்ப் பார்க்காமலேயே கழித்துவிடும் பள்ளி இது. போய்ப் பாருங்கள்.

வகுப்பில் குறைவான பேர் இருப்பது சின்ன வகுப்புகளில் உண்மையிலேயே உதவுகிறது. அமெரிக்காவின் டென்னசியில் 1985 முதல் 1989 வரை நடந்த ஸ்டார் ஆய்வு இதில் பெரிய சான்று. குழந்தைகளைக் குலுக்கல் முறையில் 13 முதல் 17 பேர் உள்ள வகுப்பு, 22 முதல் 25 பேர் உள்ள வகுப்பு, அதே பெரிய வகுப்பில் உதவியாளர் ஒருவரைச் சேர்த்த வகுப்பு என்று மூன்றாகப் பிரித்தார்கள். மூன்றாம் வகுப்பு முடியும்வரை சிறிய வகுப்புக் குழந்தைகள் வாசிப்பிலும் கணக்கிலும் முன்னே இருந்தார்கள். வறிய வீட்டுக் குழந்தைகளுக்குப் பலன் அதிகம். உதவியாளரைச் சேர்த்த பெரிய வகுப்புக்கு அப்படிப்பட்ட பலன் கிடைக்கவில்லை. "முப்பது பேர்தான், ஆனால் இரண்டு பேர் பார்த்துக்கொள்கிறோம்" என்று ஒரு பள்ளி சொன்னால் இதை நினைவில் வையுங்கள்.

அடுத்தது, ஒரே அறையில் இரண்டு வகுப்புகள். இதைக் கேட்டதும் பலர் திரும்பிவிடுகிறார்கள். நன்றாக நடத்தினால் இது குறையே இல்லை. ஆசிரியர் ஒரு வகுப்போடு 15, 20 நிமிடம் உட்காரும்போது மற்ற வகுப்புக்குத் தனியாகச் செய்யக்கூடிய வேலை இருக்க வேண்டும்: முந்தைய நாள் கற்றதில் ஐந்து கணக்கு, இணையாக உட்கார்ந்து மாறி மாறி வாசிப்பது, விடையட்டையைப் பார்த்துத் தானே திருத்திக்கொள்வது. அந்த நேரத்தில் மற்ற வகுப்பு கரும்பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டே இருந்தால், நாளில் பாதி வீணாகிறது. பத்து நிமிடம் நின்றால் தெரிந்துவிடும்.

இந்தப் பள்ளியின் தேர்ச்சி விகிதத்தை நம்பாதீர்கள். கூடியிருந்தாலும் சரி, குறைந்திருந்தாலும் சரி. 12 பேர் உள்ள வகுப்பில் இரண்டு குழந்தைகள் கூடக் குறைய எழுதினால் விகிதம் 17 புள்ளி ஆடும். மூன்று, நான்கு ஆண்டுகளைச் சேர்த்துப் பார்த்தால்தான் ஏதாவது தெரியும்.

பலவீனமும் இந்தச் சிறிய அளவிலிருந்தே வருகிறது. நல்ல ஆசிரியர் ஒருவர் மாற்றலாகிப் போனால் பள்ளியின் முகமே மாறிவிடும். மோசமான ஆசிரியர் ஒருவர் வந்தால் குழந்தை இரண்டு மூன்று ஆண்டு அவரிடமே மாட்டிக்கொள்ளும். வகுப்பில் சமவயதுத் தோழர்கள் மூன்று பேர்தான் என்றால், அவர்களோடு சண்டை வந்துவிட்டால் போக வேறு இடமில்லை. எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு சரிந்துவருகிறதா என்றும் கேளுங்கள். பள்ளியை இணைக்கவோ மூடவோ போகிறார்கள் என்றால் நடுவில் மாற வேண்டிவரும்.

வெளியில் செலவாவது புத்தகம், இசை, ஓவியம், ஓட்டம் ஆகியவற்றுக்கு. பயணத்தில் மிஞ்சும் 200, 300 மணி நேரத்தில் இவற்றுக்குத் தாராளமாக இடமிருக்கிறது.

பெற்றோர் இருவரும் வேலைக்குப் போய், மாலையில் பாடம் சொல்லித்தர நேரமில்லாத வீட்டுக்கு இது பெரும்பாலும் பொருந்தும். கூச்ச சுபாவக் குழந்தைக்கும் பொருந்தும். ஆசிரியர் நல்லவர், இன்னும் சில ஆண்டு இருப்பார் என்று தெரிந்தால் வேறு எதையும் தேட வேண்டாம்.

## செயல்வழிப் பள்ளி

இந்தப் பெயருக்குள் பல வகை உண்டு. அதில் பழையதும் நன்கு வகுக்கப்பட்டதும் மாண்டிசோரி முறை. மரியா மாண்டிசோரி 1907 ஜனவரியில் ரோமின் சான் லொரென்சோ பகுதியில் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். 3 முதல் 6, 6 முதல் 9 என்று மூன்றாண்டு வயதுக் குழுக்கள், ஏறத்தாழ மூன்று மணி நேரம் இடையூறில்லாத வேலை நேரம், ஒவ்வொரு பொருளும் அறையில் ஒன்றே ஒன்று என்பவை அதன் அடையாளங்கள். தவறைப் பொருளே காட்டிக்கொடுக்கும்: பிடி வைத்த உருளைகளைப் பலகையின் குழிகளில் போடும்போது ஒன்றைத் தவறான குழியில் இட்டால், கடைசி உருளைக்குச் சரியான குழி மிஞ்சாது. யாரும் சிவப்பு மை தொடாமலேயே குழந்தை மறுபடி எடுத்துப் பார்க்கும். கழித்தலுக்கும் அப்படித்தான். பத்து மணி கோத்த கம்பி ஒன்றைக் கொடுத்துப் பத்துத் தனி மணிகளாக மாற்றிவந்த குழந்தைக்கு 52 − 27 குழப்பமாக இருக்காது.

2006-இல் ஏஞ்சலின் லில்லார்ட் வெளியிட்ட ஆய்வில், குலுக்கலில் மாண்டிசோரி பள்ளியில் இடம் கிடைத்த ஐந்து வயதுக் குழந்தைகள், இடம் கிடைக்காமல் வேறு பள்ளிக்குப் போனவர்களைவிடச் சொல் வாசிப்பிலும் கணக்கிலும் முன்னே இருந்தார்கள். அவரே 2012-இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வு, தேர்வு செய்பவருக்கு இதைவிடப் பயனுள்ளது. முறையை முழுமையாகப் பின்பற்றிய வகுப்புகளில் முன்னேற்றம் அதிகம். அதோடு பயிற்சித் தாள்களையும் பிற பொம்மைகளையும் கலந்து நடத்திய வகுப்புகளில் அவ்வளவு இல்லை. மாண்டிசோரி என்று பலகை மாட்ட யார் வேண்டுமானாலும் மாட்டலாம். ஆசிரியரின் பயிற்சி எங்கே, எத்தனை மாதம் என்று கேளுங்கள். மணிப் பொருள்களைத் தொட்டுப் பாருங்கள்: மணிகள் மங்கி, பெட்டியின் விளிம்பு தேய்ந்திருந்தால் தினமும் புழங்குகிறது, பளபளவென்று அடுக்கிவைத்திருந்தால் அது உங்களுக்காக வைத்தது.

செயல்வழி என்ற பெயரில் வெறும் கைவேலை நடக்கும் பள்ளிகளும் உண்டு. யானைப் படத்துக்கு 40 நிமிடம் வண்ணம் தீட்டிய குழந்தை அந்த நேரத்தில் வண்ணம் தீட்டத்தான் கற்றிருக்கும். 'யா' என்ற எழுத்தைக் கற்றிருக்காது.

இங்கே கேட்க வேண்டிய ஒரே பெரிய கேள்வி: "ஒரு குழந்தை ஆறு வாரமாக எதைத் தொடவே இல்லை என்று எப்படித் தெரிந்துகொள்கிறீர்கள்?" விருப்பம்போல் வேலையைத் தேர்ந்தெடுக்கும் வகுப்பில், கஷ்டமானதைச் சத்தமில்லாமல் தவிர்த்துக்கொண்டே ஒரு குழந்தை மூன்றாண்டு மகிழ்ச்சியாக இருந்துவிட முடியும். தினக் குறிப்பேடு வைத்திருக்கும் ஆசிரியர் அதை இரண்டாவது வாரமே கவனித்து, அந்தப் பொருளோடு குழந்தையின் பக்கத்தில் போய் உட்காருவார்.

மறைமுகச் செலவில் பெரியது, வழக்கமான பள்ளிக்கு மாறும் ஆண்டு. புரிதல் இருக்கும், ஆனால் கடிகாரத்தை வைத்து எழுதும் வேகம் இருக்காது. மாறுவதற்கு ஆறு மாதம் முன்பிருந்தே வாரம் மூன்று நாள், 15 நிமிடம் நேரம் குறித்து எழுதப் பழக்கினால் போதும். இன்னொன்று பெற்றோரின் மனத்திடம். சொந்தக்காரர் பிள்ளை பெருக்கல் வாய்ப்பாடு ஒப்பிக்கிறதே என்று இரண்டாம் ஆண்டு முடிவில் குழந்தையை வெளியே எடுத்துவிடுபவர்கள் உண்டு. எடுப்பதற்கு மிக மோசமான நேரம் அது. மூன்றாண்டுச் சுற்றின் கடைசி ஆண்டில்தான் முதலிரண்டு ஆண்டு கையால் செய்ததெல்லாம் தாளுக்கு வருகிறது. சுற்றை முடிக்க முடியாது என்று முன்கூட்டியே தெரிந்தால் இதில் சேர்க்காமல் இருப்பது நல்லது.

ஒரு வேலையில் நீண்ட நேரம் மூழ்கும் குழந்தைக்கு, வயதைவிட ஒரு பாடத்தில் முன்னேயும் மற்றொன்றில் பின்னேயும் இருக்கும் குழந்தைக்கு இது நன்றாகப் பொருந்தும்.

பெயர்பெற்ற பள்ளி புதிதாகத் திறக்கும் கிளையைப் பற்றிச் சுருக்கமாக ஒன்று: பெயர் புதிய இடத்துக்குப் போகும், பழைய ஆசிரியர்கள் கூடப் போவதில்லை. அதைப் புதிய பள்ளியாகவே எடைபோடுங்கள்.

## சிறப்புத் தேவை உள்ள குழந்தை

1994-இல் ஸ்பெயினின் சலமான்கா நகரில் நடந்த உலக மாநாடு வெளியிட்ட சலமான்கா பிரகடனம், எல்லாக் குழந்தைகளையும் பொதுப் பள்ளியிலேயே சேர்த்துக் கற்பிக்க வேண்டும் என்பதை உலக நாடுகளின் பொதுக் கொள்கையாக முன்வைத்தது. பள்ளிக்குப் பள்ளி நடைமுறை மிகவும் மாறும். "சேர்த்துக்கொள்வோம்" என்ற சொல்லோடு நிறுத்திவிடாதீர்கள். குழந்தை எந்த இருக்கையில் உட்காரும், சத்தம் தாங்காதபோது எங்கே போகும், தேர்வில் எவ்வளவு நேரம் கூடுதலாகத் தருவார்கள், சுற்றுலாவுக்கு அழைத்துப்போவார்களா? இந்தக் கடைசிக் கேள்விக்கு வரும் தயக்கம் நிறையச் சொல்லும்.

## பார்க்கப் போகும் நாள்

திறப்பு நாளிலோ விழா நாளிலோ போகாதீர்கள். ஒரு சாதாரண வார நாளின் காலையில், இரண்டாம் வகுப்பில் 20 நிமிடம் பின்னால் உட்கார அனுமதி கேளுங்கள். குழந்தைகளின் நலன் கருதி வகுப்பறைக்குள் விடாத பள்ளிகளும் உண்டு. அங்கே நடைவழியிலிருந்து பார்க்கவும் நோட்டுகளைப் புரட்டவும் கேட்கலாம். நோட்டுகளைப் பள்ளியே தேர்ந்தெடுத்துக் கொடுக்கவிடாமல், அடுக்கின் நடுவிலிருந்து மூன்றை நீங்களே எடுங்கள்.

வகுப்பில் ஆசிரியர் கேள்வி கேட்டபின் மனத்துக்குள் எண்ணுங்கள். மேரி பட் ரோ 1970-களில் தொடக்கப் பள்ளி அறிவியல் வகுப்புகளை அளந்தபோது, ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று விநாடியாக நீட்டியதும் பதில்கள் நீண்டன, "தெரியாது" குறைந்தது, வழக்கமாக வாய் திறக்காதவர்கள் பேசினார்கள். அடுத்து, யார் பதில் சொல்கிறார்கள் என்று பாருங்கள். கைதூக்கும் அதே நான்கு பேரோடு பாடம் நகர்கிறதா? எல்லாரும் சிலேட்டில் எழுதி ஒரே நேரத்தில் தூக்கிக் காட்டும் வகுப்பு கிடைத்தால், ஆசிரியர் முதலில் எந்தச் சிலேட்டின் பக்கம் நடக்கிறார் என்று கவனியுங்கள். தவறாக எழுதிய குழந்தையிடம் குனிந்து "இதை எப்படிப் போட்டாய், சொல்லு" என்று கேட்டால், அந்தப் பள்ளிக்கு விண்ணப்பம் வாங்கிக்கொண்டே வெளியே வரலாம்.

## சேர்த்த பின்

ஆறாவது வாரம் ஒரு சோதனை. குழந்தைக்குக் குறைந்தது இரண்டு தோழர்களின் பெயர் தெரிய வேண்டும். வகுப்பாசிரியரிடம் கேட்டால், உங்கள் குழந்தைக்கு வருவது ஒன்றும் வராதது ஒன்றும் நோட்டைப் பார்க்காமல் சொல்ல வேண்டும். பன்னிரண்டாவது வாரம், சேர்ந்தபோது வாசிக்க முடியாத ஏதோ ஒன்றைக் குழந்தை வாசிக்க வேண்டும். இவற்றில் ஒன்று தவறினால் ஆசிரியரிடம் பேசி, என்ன செய்யப்போகிறோம் என்று நான்கு வாரத்துக்கு ஒரு திட்டம் எழுதிக்கொள்ளுங்கள். மூன்றும் தவறி, நான்கு வாரத்திலும் அசைவில்லை என்றால் மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம். அடி, மிரட்டல், தொடர்ந்த கேலி இருந்தால் உடனே மாற்றுங்கள். மற்றபடி ஆண்டு முடிவுவரை பொறுத்து, புதிய வகுப்பு எல்லாருக்கும் புதிதாகத் தொடங்கும் நாளில் மாற்றுவது குழந்தைக்கு எளிது.